ஒசாகாவுக்குப் போன மாமனார்

ஜூன் 3, செவ்வாய்

ஒன்பது நாள் கழித்து சிறுவாணித் தண்ணீர் வந்தது. நான்கு குடம், இரண்டு வாளி, ஒரு குக்கர் வரை பிடித்து வைத்துவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு அலுவலகம் போனால், செய்தி ஆசிரியர் சேவியர் சார் கூப்பிடுகிறார். அவர் என்னைக் கூப்பிட்டால் யாரோ சாகப்போகிறார்கள் என்று அர்த்தம். பெரிய மனிதர்களுக்கான அஞ்சலிக் குறிப்பை அவர்கள் சாவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுவது எங்கள் நாளிதழின் வழக்கம். அந்தத் தொகுப்புக்கு ரெடி ஃபைல் என்று பெயர். பதினொரு வருடமாக அதற்கு நான்தான் காவல். இன்றைய தேதிக்கு அதில் அறுபத்திரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள்.

“திண்ணியனுக்கு ரெண்டு கிட்னியும் போச்சாம். ஃபைலப் புதுப்பிச்சு வச்சிருங்க ஹேமலதா.”

முனைவர் திண்ணியன். சொந்தப் பெயர் நாச்சிமுத்து. பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் எந்த நாட்டில் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. தன்னம்பிக்கை நூல்கள் முப்பத்தொன்று. கல்லூரி மேடைகளில் கைக்குட்டையை உதறி “முடியும்!” என்று கத்துவார். ஆயிரம் பிள்ளைகள் “முடியும்!” என்று திருப்பிக் கத்துவார்கள். என்ன முடியும் என்று இரண்டு தரப்பும் சொன்னதில்லை.

கோப்பைத் திறந்தேன். “இவருடைய ‘எவரையும் இணங்க வைக்கலாம்’ முப்பத்தேழு பதிப்புகள் கண்டது.” நானே எழுதிய வரி. பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடிக்கிறேன். ஏனென்றால் அந்தப் புத்தகத்தையும் எழுதியது நான்தான்.

ஜூன் 4, புதன்

சர்க்கரை டப்பாவில் எறும்பு. சலித்துச் சலித்துக் கை வலித்தது.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் வேலை இல்லாமல் இருந்தேன். வடவள்ளியில் அவர் வீட்டு முன்னறையில் எட்டு மாதம் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைத் தட்டச்சு செய்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவதாக ஏற்பாடு. அவர் சொன்னது தலைப்பு மட்டும். மற்றபடி சட்டையில்லாமல் கூடத்தில் நடந்துகொண்டு, “இந்த இடத்துல ஒரு சூப்பர் உதாரணம் போட்டுக்க” என்பார். பன்னிரண்டு அத்தியாயம் அப்படித்தான் வந்தது. வாதத்தை எங்கே தொடங்குவது, எதை ஒப்புக்கொள்வது, எங்கே நிறுத்துவது, எல்லாம் என் மூளை. கதைகள் அங்கே இங்கே கேட்டவை. நன்றிப் பக்கத்தில் அச்சகத்துக்காரர், அட்டைப்படம் போட்டவர், கார் டிரைவர் மூவரும் இருந்தார்கள். நான் இல்லை.

“அவர் செத்ததும் குறிப்புல ஒரு வரி சேர்க்கணும் சார். அந்த நூலை எழுதினது யாருன்னு” என்றேன் இன்று சேவியர் சாரிடம்.

சேவியர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பயந்தால் துடைப்பார். “செத்தவர் வந்து ஆமான்னு சொல்ல மாட்டார். குடும்பம் கேஸ் போட்டா நான்தான் நிக்கணும். உயிரோட இருக்கறப்பவே அவர் கையால எழுதி வாங்கிட்டு வாங்க. போட்டுர்றேன்.”

ஆக, ஒரு வரி. அதை அவர் சாவதற்குள் வாங்க வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

வடவள்ளிக்குப் போனேன். கதவைத் திறந்தது அவர் மனைவி மயிலாத்தாள். அறுபத்தெட்டு வயது இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அந்த எட்டு மாதமும் என்னை அடுக்களைப் பலகையில் உட்கார வைத்துச் சோறு போட்டு, மூச்சு விடாமல் ஊர்க்கதை பேசியவர்.

“வாங்க அம்மிணி! எத்தன வருசமாச்சு. ஏனுங்க இப்புடி எளச்சுப் போயிட்டீங்க? இருங்க, சந்தகை பிழிஞ்சிருக்கறேன்.”

கூடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில். அதற்கு மேலே அவருடைய படங்கள் பதினேழு, எல்லாவற்றிலும் யாரோ அவருக்குச் சால்வை போர்த்துகிறார்கள். ரெடி ஃபைல் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பயந்திருப்பார் என்று நினைத்தேன். அசடு நான். அவர் படித்துப் பார்க்க ஆசைப்பட்டார். பையில் இருந்த பிரதியைக் கொடுத்தேன்.

படித்தார். பேனா கேட்டார். “‘எழுத்தாளர்’னு மொட்டையா இருக்கே ஹேமா. முன்னாடி ‘தலைசிறந்த’ போடு.” தன் மரண அறிவிப்புக்குப் பிழை திருத்துகிற மனிதனை இன்றுதான் பார்த்தேன்.

விஷயத்தைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, “அந்தத் தலகாணியக் கொஞ்சம் மேல ஏத்து” என்றார். ஏற்றினேன். “ஜன்னலச் சாத்து, வெயில் அடிக்குது.” சாத்தினேன். “அந்த வரியை மட்டும் விட்டுரு.” “சரி” என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்! முதலில் இரண்டு சின்ன வேலையைச் செய்ய வை, மூன்றாவதாகப் பெரியதைக் கேள். இரண்டாம் அத்தியாயம். நான் எழுதிய பாடத்தை என்மேலேயே பிரயோகிக்கிறார்.

சந்தகைத் தட்டோடு வந்த மயிலாத்தாள் சிரித்தார். “எங்கூருல ஒருத்தி உறைமோரு கேட்டு வந்தவ, அப்பறம் ஒலக்க கேட்டு, கடசீல மாட்டு வண்டியே வாங்கீட்டுப் போனா. இவரும் அப்புடித்தானுங்க.”

இந்த அம்மாளுக்கு எதற்கெடுத்தாலும் ஊரில் ஒருத்தி இருப்பாள். தேங்காய்ப்பால் நன்றாக இருந்தது.

ஜூன் 7, சனி

கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன். கடைவாய்ப் பல் வலி.

ஜூன் 9, திங்கள்

மறுபடியும் வடவள்ளி. இன்று நான்காம் அத்தியாயம் அரங்கேறியது.

“நான் உனக்குக் கொஞ்சம் அநியாயம் பண்ணிட்டேன் ஹேமா” என்று தொடங்கினார். கொஞ்சமாம். நன்றிப் பக்கத்தில் என் பெயர் இருந்ததாகவும் அச்சகத்தில் விட்டுப்போனதாகவும் சொன்னார். முப்பத்தேழு பதிப்பிலுமா விட்டுப்போகும்? சின்னத் தவறை முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டால் பெரிய தவறைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். இதையும் நான்தான் எழுதினேன், அதுவும் எளிய உதாரணத்தோடு. பால்காரர் “இன்னிக்குக் கொஞ்சம் தண்ணி சேர்ந்துருச்சுங்க” என்று தானே சொல்லிவிட்டு, மாதம் முழுக்கத் தண்ணீர் ஊற்றுவார். புத்தகத்தில் அவர் சிகாகோவில் கார் விற்கிறார்.

புத்தகக் கடையில் தன்வரலாறு, வாழ்க்கை வரலாறு, தன்னம்பிக்கை எல்லாவற்றையும் உண்மை என்று ஒரே அலமாரியில் வைக்கிறார்கள். தன்வரலாறு எழுதுகிறவன் தன் தவறுகளில் அழகானதை மட்டும் ஒப்புக்கொள்கிறான். வாழ்க்கை வரலாற்றில் அதுவும் கிடையாது. தன்னம்பிக்கை நூலில் தவறெல்லாம் வாசகனுடையது. என் துறையான அஞ்சலியில் யாரும் எந்தத் தவறும் செய்ததே இல்லை. நான்கிலும் கேவலமானது எது என்று தீர்மானிக்க முடியாமல் பேருந்திலேயே தூங்கிவிட்டேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

பல் பிடுங்கியாயிற்று. விடுப்பு. வாயில் பஞ்சோடு என் புத்தகத்தைப் பல வருடத்துக்குப் பிறகு எடுத்துப் படித்தேன்.

நன்றாகத்தான் இருக்கிறது. குறிப்பாக ஏழாம் அத்தியாயம், மௌனம். கல்லூரிப் பிள்ளைகள் செல்போனில் அனுப்பிக்கொள்வது இதைத்தான். ஒசாகா நகரத்து முதலாளியிடம் ஓர் ஊழியர் போகிறார். தன் கோரிக்கையை ஒரே வாக்கியத்தில் சொல்கிறார். பிறகு பேனாவைக் கையில் பிடித்தபடி பேசாமல் நிற்கிறார். முதலாளி கத்துகிறார், சிரிக்கிறார், வேறு பேச்சு பேசுகிறார். ஊழியர் நிற்கிறார். கடைசியில் முதலாளி, “சரி, அப்படியே ஆகட்டும்” என்கிறார்.

இதைக் கேட்ட நாள் நினைவிருக்கிறது. மயிலாத்தாள் அடுப்பில் பருப்பைக் கடைந்துகொண்டே சொன்னார். மகள் ஒன்பதாவது முடித்ததும், பெண்ணுக்குப் படிப்பு போதும் என்று வெள்ளக்கோவிலில் மாமனார் சொல்லிவிட்டார். கணவர் எங்கோ மேடையில் கைக்குட்டை உதறிக்கொண்டிருந்தார். மாமனார் சாப்பிட உட்கார்ந்தபோது இந்த அம்மாள் சோற்றைப் போட்டார். “பாப்பாவப் பத்தாவது அனுப்போணுமுங்க மாமா” என்றார். குழம்புக் கரண்டியோடு நின்றார். குழம்பை ஊற்றவில்லை. வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாமனார் வெறும் சோற்றைப் பார்த்தபடி மழையைப் பற்றிப் பேசினார், ஆட்டைப் பற்றிப் பேசினார், மருமகளின் பிறந்த வீட்டைத் திட்டினார். அப்புறம், “போய்த் தொலையட்டும், ஊத்து” என்றார்.

கரண்டியைப் பேனாவாக்கியதும் மாமனாரை ஒசாகாவுக்கு அனுப்பியதும் நான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? வெள்ளக்கோவில்காரர் தலையாட்டினார் என்றால் நம் வாசகன் கொட்டாவி விடுவான். ஜப்பான்காரர் தலையாட்டினால் அடிக்கோடு போடுவான். கதை சொல்கிறவர் ஆயிரம் பேர் இருப்பார்கள், அதை வாசகன் நம்பும்படி செய்வதற்குப் பெயர்தான் எழுத்து. பருப்புக் கடைந்துகொண்டே பேசியதற்கெல்லாம் பேர் போட ஆரம்பித்தால் புத்தகத்தில் பேர் மட்டும்தான் இருக்கும்.

உறைமோர் கேட்டு வந்தவளையும் பால்காரரையும் கூட அந்த அடுக்களையில்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன். சரியாக நினைவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

துணி துவைத்தேன். வாய் வீக்கம் குறைந்துவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

சேவியர் சார் காலையிலேயே வந்துவிட்டார். “இந்த வாரம் தாண்டாதுங்கறாங்க. கையெழுத்து வந்துச்சா?”

வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வடவள்ளி போனேன். அவர் முகம் ஊதியிருந்தது. மயிலாத்தாள் டம்ளரில் இரண்டு மடக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றார். அதற்கு மேல் குடிக்கக் கூடாதாம்.

“புத்தகத்தை எழுதினது யாருன்னு உங்க கையால எழுதிக் குடுங்க சார்” என்றேன். தாளை அட்டையோடு அவர் நெஞ்சில் வைத்தேன். பேனாவை நீட்டினேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் சிரித்தார். “ஏழாவது அத்தியாயமா?” என்றார். நான் பேசவில்லை. தனக்கு விருது தராத ஓர் அமைச்சரைத் திட்டினார். என் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார்; அப்பா போய் ஆறு வருடமாகிறது. இருமினார். அழுதார், அல்லது அழுவது போல் செய்தார், அவரிடம் எனக்கு என்றைக்குமே வித்தியாசம் தெரிந்ததில்லை. நான் பேனாவை நீட்டியபடி உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வாங்கிக்கொண்டார்.

மேடைப் பழக்கம் போகவில்லை. எழுத எழுத உரக்கச் சொன்னார். “‘எவரையும் இணங்க வைக்கலாம்’ நூலை எழுதியவர் தி. ஹேமலதா.” பதினான்கு வருடம்! எழுந்து தாளை வாங்கப் போனேன். அவர் விடவில்லை. அடுத்த வரியையும் சொல்லிக்கொண்டே எழுதினார். “அதில் உள்ள கதைகள் அனைத்தும் என் மனைவி மயிலாத்தாள் சொன்னவை.” கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார்.

“எனக்கெதுக்குங்க அதெல்லாம்” என்றார் மயிலாத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். நான் செருப்பு மாட்டும்போது வாசல்வரை வந்தார்.

“அது பேப்பருல வருங்களா அம்மிணி?”

“வரும்மா.”

“ரெண்டு வரியுமுங்களா?”

“வரும்மா” என்றேன்.

ஜூன் 18, புதன்

எரிச்சல் அடங்கவில்லை. என்ன தந்திரம் பாருங்கள். இவ்வளவு நாள் கட்டிய மனைவியை ஒரு மேடையிலாவது ஏற்றியிருப்பாரா? சாகிற நேரத்தில் திடீரென்று நியாயவான் ஆகிவிட்டார். என் பெயரைத் தனியாகக் கொடுத்தால் அவர் திருடன். இரண்டு பேரையும் சேர்த்துக் கொடுத்தால் பெருந்தன்மைக்காரர். வாசகன் கண் கலங்குவான், புத்தகம் முப்பத்தெட்டாம் பதிப்பு போகும். இதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் புளித்தவள் நான்.

சொன்னது உண்மையா பொய்யா என்பது வேறு விஷயம்.

ஜூன் 20, வெள்ளி

பிற்பகல் இரண்டேகாலுக்குப் போய்விட்டார்.

குறிப்பு தயாராக இருந்தது. நாற்பது வரி, இரண்டு வாக்கியங்களும் உள்ளே. நான்கு மணிக்கு விளம்பரப் பிரிவிலிருந்து ஆள் வந்தார். மூன்று பொறியியல் கல்லூரிகளும் ஒரு நகைக்கடையும் திண்ணியனுக்குக் கண்ணீர் அஞ்சலி விளம்பரம் கொடுத்திருக்கின்றன, முக்கால் பக்கம். அவர் செத்ததற்கான விளம்பரம் அவர் செத்த செய்தியைத் தின்றுவிட்டது.

“இருபது வரிதான் இடம். வெட்டுங்க” என்றார் சேவியர் சார்.

வெட்டினேன். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் போனது. சிங்கப்பூர்ப் பயணம் போனது. ‘தலைசிறந்த’ போனது, அதில் ஒரு சந்தோஷம். இருபத்திரண்டு வரியில் வந்து நின்றது. இன்னும் இரண்டு வேண்டும்.

மிச்சமிருந்தவற்றில் கைக்குட்டையும் “முடியும்!” கோஷமும் ஒன்று. அது இல்லாவிட்டால் எந்தத் திண்ணியன் என்று யாருக்கும் தெரியாது. பதிப்பு எண்ணிக்கை இன்னொன்று. அது இல்லாவிட்டால் அதற்கு அடுத்து வரும் என் பெயருக்கு அர்த்தமில்லை. கதைகள் பற்றிய வாக்கியம் சரியாக இரண்டு வரி. தவிர, கடைசி வரியில் “அவருக்கு மனைவி மயிலாத்தாள், பொள்ளாச்சியில் தலைமை ஆசிரியையாக உள்ள மகள் ஆகியோர் உள்ளனர்” என்று அந்தப் பெயர் வந்துவிடுகிறது. இருபது வரிச் செய்தியில் ஒரே பெயர் இரண்டு தடவை வரக் கூடாது. எங்கள் நாளிதழின் நடைக் கையேட்டில் இருக்கிறது. அந்தக் கையேட்டைத் தொகுத்ததும் நான்தான், அட்டையில் யார் பெயரும் கிடையாது.

இருபது வரி. சரியாகப் பொருந்தியது.

ஜூன் 21, சனி

பெயர் வந்தது. நான்காம் பக்கம், கீழே இடது ஓரம். பிழை இல்லை. நான்கு பிரதி வாங்கினேன்.

ஜூன் 23, திங்கள்

தண்ணீர் வரவில்லை. பதினொரு மணிக்கு அலுவலகத் தொலைபேசி.

“அம்மிணி, நாந்தானுங்க, வடவள்ளியிலிருந்து.”

துக்கம் விசாரித்தேன். சடங்கு எல்லாம் எப்படி நடந்தது என்று கேட்டேன். ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் நிறைய வந்ததாகச் சொன்னார்.

“பேப்பரு வந்துதுங்க. எங்கண்ணுக்குச் சின்ன எழுத்துத் தெரியறதில்லைங்க. பாப்பாதான் படிச்சுக் காட்டுனா.”

“ஆமாங்கம்மா.”

“மூணு வாட்டி படிக்கச் சொன்னனுங்க.”

அதற்கு மேல் அந்த அம்மாள் எதுவும் பேசவில்லை. தொலைபேசியில் அவர் வீட்டுக் கடிகாரம் கேட்டது. யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

“அன்னிக்கு விளம்பரம் வந்துருச்சுங்கம்மா” என்றேன். “இடமே இல்ல. நான் ரெண்டு வாக்கியத்தையும்தான் போட்டு வெச்சிருந்தேன். உங்க பேரு கடைசில ஏற்கெனவே வருது பாருங்க, ஒரே பேரு ரெண்டு தடவை வந்தா நல்லா இருக்காது. அது எங்க ஆபீஸ் ரூல். நானா பண்ணல. எங்க சார்தான் வெட்டச் சொன்னார். புத்தகத்துல போட்டுக்கலாம், அடுத்த பதிப்புல, நான் பதிப்பாளர்கிட்ட பேசறேன்…” இப்போதைய பதிப்பாளர் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. பேசிக்கொண்டே போனேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“நா ஒண்ணுமே கேக்கலீங்களே அம்மிணி” என்றார் மயிலாத்தாள். “சாப்புட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

கரண்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மாமனாரைப் பதினான்கு வருடமாக எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் தெரிந்தது. அசிங்கமாக இருந்தது.

மூன்றாம் பக்கத்தில் ‘திருத்தம்’ என்று ஒரு பகுதி உண்டு. விளம்பரக்காரர்கள் அதைத் தொட முடியாது. செய்தியில் தவறோ விடுபட்டதோ இருந்தால் இரண்டு வரியில் போடுவோம். மாலை ஐந்து மணிக்கு சேவியர் சார் மேசை மேசையாக வந்து கேட்பார்.

இன்றும் வந்தார். “திருத்தம் ஏதாச்சும் இருக்கா ஹேமலதா?”

திண்ணியன் எழுதிக்கொடுத்த தாள் என் மேசை டிராயரில்தான் இருந்தது. டிராயரின் பிடியில் கை வைத்தேன். நாக்கு பல் பிடுங்கிய பள்ளத்துக்குப் போய் நின்றுகொண்டது.

“சரி” என்று அடுத்த மேசைக்குப் போய்விட்டார். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நான்கு நொடிகூட நிற்கத் தெரியவில்லை அந்த மனிதருக்கு.